கிட் க்ளோன் ஆகவில்லை: எச்டிடிபிஎஸ்ஸா, எஸ்எஸ்ஹெச்சா?

புதுத்தளிர்: வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். அலுவலக ரெப்போவை (நிரல் கோப்புகளின் தொகுப்பை) கிட்ஹப்பிலிருந்து க்ளோன் செய்ய, அதாவது என் கணினிக்கு நகலெடுக்க, முடியவில்லை. எச்டிடிபிஎஸ்ஸில் (சாதாரண வலை முகவரி வழியில்) போனால் பாஸ்வேர்டை ஏற்க மறுக்கிறது. எஸ்எஸ்ஹெச்சில் (பாஸ்வேர்டுக்குப் பதில் கணினியில் உள்ள கீயால் அடையாளம் காட்டும் வழியில்) 'ரெப்போசிட்டரி நாட் ஃபவுண்ட்' என்கிறது. பிரவுசரில் மட்டும் அதே ரெப்போ நன்றாகத் திறக்கிறது. எந்த வழியில் போவது?

கரிசல்: எஸ்எஸ்ஹெச்தான். 2021 ஆகஸ்ட் 13 முதல் கிட் வேலைகளுக்கு கிட்ஹப் பாஸ்வேர்டை ஏற்பதில்லை, டோக்கன் (கிட்ஹப்பில் உருவாக்கிக்கொள்ளும் ரகசிய எழுத்துச்சரம்) கேட்கும். அந்த டோக்கனைப் பலர் முகவரிக்குள்ளேயே ஒட்டி க்ளோன் செய்கிறார்கள். அது ரெப்போவின் கான்ஃபிக் ஃபைலில் அப்படியே கிடக்கும். ஃபோல்டரை ஜிப் செய்து யாருக்காவது அனுப்பினால் டோக்கனும் கூடவே போய்விடும்.

தாழை: ஒட்டச் சொன்னது யார்? லாகின் விவரத்தைச் சேமித்து வைக்கும் கிரெடென்ஷியல் மேனேஜர் இருக்கிறதே, பிரவுசரில் ஒருமுறை லாகின் செய்தால் போதும். நான் பாடம் எடுக்கும் கல்லூரியில் எஸ்எஸ்ஹெச் பயன்படுத்தும் 22ஆம் போர்ட்டை மூடி வைத்திருக்கிறார்கள். எஸ்எஸ்ஹெச் என்று ஆரம்பித்தால் 'டைம்டு அவுட்' வரும்வரை பிள்ளைகள் திரையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

கரிசல்: எஸ்எஸ்ஹெச்.கிட்ஹப்.காம் என்ற ஹோஸ்டில் எச்டிடிபிஎஸ்ஸுக்கான 443ஆம் போர்ட் வழியாகவும் போகலாமே.

தாழை: போகலாம், பல இடங்களில் ப்ராக்ஸி (இணையப் போக்குவரத்தை வடிகட்டும் இடைச் சர்வர்) அதையும் தடுக்கும். அப்புறம் 2023 மார்ச்சை மறந்துவிட்டீர்களா? கிட்ஹப்பின் ஆர்எஸ்ஏ ஹோஸ்ட் கீ (அதன் சர்வரை அடையாளம் காட்டும் கீ) ஒரு பொது ரெப்போவில் சிறிது நேரம் வெளியாகி, அதை மாற்றினார்கள். எச்சரிக்கை வந்ததும் எத்தனை பேர் புதுக் கீயின் கைரேகையை, அதாவது அதன் சுருக்க அடையாளத்தை, ஒப்பிட்டார்கள்? தங்கள் கணினியில் இருந்த பழைய கீ வரியை அழித்து 'எஸ்' (ஆம்) அடித்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்தேன். அந்தப் பழக்கம் ஆபத்தானது.

கரிசல்: உங்கள் பக்கத்திலும் சான்றிதழ் பிழை வந்தால் எஸ்எஸ்எல் சரிபார்ப்பையே அணைத்துவிடுகிறார்கள். இரண்டு இடத்திலும் கற்றுக்கொடுத்தால்தான் உண்டு.

வாய்க்கால்: கேட்டவரை விட்டுவிட்டு எங்கோ போய்விட்டீர்கள். அவருக்கு வந்திருக்கும் பிழையைப் பாருங்கள். கீயே சரியில்லை என்றால் 'பெர்மிஷன் டினைடு பப்ளிக்கீ' வந்திருக்கும். போர்ட் அடைத்திருந்தால் டைம்டு அவுட். 'நாட் ஃபவுண்ட்' என்றால் முகவரியில் எழுத்துப்பிழை இருக்க வேண்டும், இல்லையென்றால் வேறு யாராகவோ உள்ளே போயிருக்கிறார். அனுமதி இல்லாதவருக்கு ப்ரைவேட் ரெப்போ இருப்பதையே கிட்ஹப் சொல்லாது. புதுத்தளிர், டெர்மினலில் 'எஸ்எஸ்ஹெச் -டி கிட்@கிட்ஹப்.காம்' அடியுங்கள், 'டி' கேப்பிட்டலில். 'ஹாய்'க்குப் பிறகு என்ன பெயர் வருகிறது?

புதுத்தளிர்: கல்லூரியில் வைத்திருந்த பழைய அக்கவுண்ட் பெயர்!

கரிசல்: அப்படியானால் அலுவலக அக்கவுண்டுக்குப் புதுக் கீ உருவாக்குங்கள். ஒரே கீயை இரண்டு அக்கவுண்டில் சேர்க்க முடியாது. எஸ்எஸ்ஹெச் கான்ஃபிக்கில் அதற்குத் தனி ஹோஸ்ட் பெயர் கொடுத்து, 'ஐடென்டிட்டீஸ்ஒன்லி எஸ்' என்று போடுங்கள். இல்லாவிட்டால் ஏஜென்ட் (கீகளை நினைவில் வைத்திருக்கும் நிரல்) பழைய கீயையே முதலில் நீட்டக்கூடும். க்ளோன் முகவரியிலும் அந்த ஹோஸ்ட் பெயர்தான் இருக்க வேண்டும்.

தாழை: புது ஆளுக்கு இது எவ்வளவு வேலை பாருங்கள்! நான் இன்னும் எச்டிடிபிஎஸ் பக்கம்தான். எதில் போனாலும் சரி, அலுவலகத்தில் எஸ்எஸ்ஓ (நிறுவனத்தின் ஒரே லாகின் மூலம் எல்லாவற்றிலும் நுழையும் முறை) கட்டாயம் என்றால் கீயையோ டோக்கனையோ அந்த ஆர்கனைசேஷனுக்குத் தனியாக ஆத்தரைஸ் செய்துவிடுங்கள். கிட்ஹப் செட்டிங்ஸில் கீக்குப் பக்கத்திலேயே அந்த பட்டன் இருக்கும்.