மறு: 'ஸ்டெல்த்' விளையாட்டுக்குத் தமிழில் என்ன சொல்? மறைவு, களவு, கரவு, பதுங்கு

நண்பர்களுக்கு வணக்கம்.

'ஷேடோ காம்பிட்: தி கர்ஸ்டு க்ரூ' என்ற கடற்கொள்ளையர் கணினி விளையாட்டைத் தமிழில் அறிமுகப்படுத்தி எழுதப்போகும் நண்பர் கேட்டது ஒரே ஒரு சொல்தான். 'கடற்கொள்ளையர்' என்ற சொல் கையில் இருக்கிறது, 'உத்தி'யும் இருக்கிறது. நடுவில் வரும் 'ஸ்டெல்த்'துக்கு, அதாவது எதிரியின் கண்ணில் படாமல் ஒளிந்து முன்னேறும் ஆட்டவகைக்குத்தான், மறைவு, களவு, கரவு, பதுங்கு என்று ஆளுக்கொரு சொல் வந்து இழை இவ்வளவு நீண்டுவிட்டது. என் வாக்கு 'பதுங்கு' என்ற வினைக்கு. காரணம் சொல்வதற்கு முன், ஆட்டத்தில் ஒரு காவலனைக் கடந்துபோவது எப்படி நடக்கிறது என்று காட்டிவிடுகிறேன். அகராதியை மட்டும் வைத்து முடிவெடுத்தால் வேறெங்கோ போய் நிற்போம்.

கரீபியக் கடலில் ஒரு தீவு. அதை மேலேயிருந்து பார்க்கிறோம். ஆட்டத்தின் எதிரிகளான மதவிசாரணைப் படையின் காவலர்கள் ஆளுக்கொரு தடத்தில் நடக்கிறார்கள். நம் கையில் இருப்பவள் அஃபியா, நெஞ்சில் ஒரு வாள் செருகியபடியே நடமாடும் மாலுமி. ஒரு காவலனைச் சொடுக்கினால் அவன் கண்ணுக்கு எட்டும் இடம் முழுவதும் தரையில் பச்சையாக விரிகிறது. அருகில் இருக்கும் பகுதி அடர்பச்சை. அங்கே எப்படிப் போனாலும் மாட்டிக்கொள்வோம். தள்ளியிருக்கும் பகுதியில் கோடுகள் போட்டிருக்கும். நிமிர்ந்து நடந்தால் தெரிவோம், குனிந்து போனால் தெரியமாட்டோம். அஃபியா புதருக்குள் உட்கார்ந்திருக்கிறாள். காவலன் திரும்புகிறான். ஒரே பாய்ச்சலில் அவனை அடைந்து, குத்தி, அவன் மற்றவர் கண்ணில் படுவதற்குள் புதருக்குள் இழுத்துப்போடுகிறாள்.

இதில் யாரும் கண்ணுக்குத் தெரியாமல் மாயமாகிவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். அதனால்தான் 'மறைவு' எனக்கு ஒட்டவில்லை. மறைதல் என்றால் பார்வையிலிருந்து அகன்றுபோவது. போதாக்குறைக்கு நாளிதழில் தினமும் 'மறைவு' என்ற சொல்லை எந்தப் பொருளில் படிக்கிறோம் என்று உங்களுக்குத் தெரியும். 'மறைவு விளையாட்டு' என்று தலைப்பிட்டால் இரங்கல் குறிப்பு என்று நினைத்துப் பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள்.

அடுத்தது 'களவு'.

> தொல்காப்பியத்தில் வெட்சித்திணையே களவால் ஆநிரை கவர்வதுதானே. இதைவிடப் பொருத்தமான சொல் வேண்டுமா?

இழையில் ஓர் ஐயா எழுதிய இந்த வரியைப் படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. வெட்சித்திணை என்பது பகைவரின் மாட்டுக்கூட்டத்தை, அதாவது ஆநிரையை, அவர் அறியாமல் கவர்ந்துவருவதைப் பாடும் பகுதி. அவர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். வெட்சியின் துறைகளில், அதாவது உட்பிரிவுகளில், 'புடைகெடப் போகிய செலவு' என்று ஒன்று வருகிறது. சுற்றியிருப்பவர் அறியாதபடி போவது. அதையடுத்து 'புடைகெட ஒற்றின் ஆகிய வேய்', அதாவது பிறர் அறியாமல் ஒற்றறிந்து வரும் செய்தி. முதலில் நோட்டம், பிறகு சுற்றிவளைப்பு, கடைசியில் கவர்தல். இந்த வகை ஆட்டத்தின் ஒவ்வொரு கட்டமும் அந்த ஒரு நூற்பாவில் இருக்கிறது. 'வேய்' என்ற சொல்லை, காவலர் நடமாட்டத்தைக் கவனித்துக் குறித்துக்கொள்ளும் செயலுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். இரண்டெழுத்தில் முடிகிறது.

ஆனால் வகைப்பெயராகக் 'களவு' வேண்டாம். பிறர் அறியாமல் செய்வது என்ற அந்தப் பழைய பொருள் இன்று பாடநூலில் மட்டும்தான் வாழ்கிறது. தெருவில் களவு என்றால் திருட்டு. இலங்கையில் 'களவெடுத்தான்' என்பது அன்றாடப் பேச்சு. கொள்ளையர் கதை என்பதால் இந்த ஒரு ஆட்டத்துக்குத் திருட்டும் பொருந்துவதுபோலத் தோன்றும். வகைக்குப் பொருந்தாது. மத்ரித் நகரத்தின் பைரோ ஸ்டுடியோஸ் 1998இல் வெளியிட்ட 'கமாண்டோஸ்' இரண்டாம் உலகப்போர்க் கதை. 'ஷேடோ காம்பிட்'டைச் செய்த மியூனிக்கின் மிமிமி கேம்ஸ் அதற்குமுன் 2016இல் எடோ காலத்து ஜப்பானையும் 2020இல் அமெரிக்க மேற்கையும் களமாக்கியது. எல்லாம் ஒரே குடும்பம். படைவீரன், நிஞ்ஜா, கௌபாய், பேய்மாலுமி என்று எல்லோரையும் தாங்கும் சொல்தான் நமக்கு வேண்டும்.

'கரவு' அழகான சொல்தான், ஒலியும் பிடிக்கிறது. ஆனால் 'நெஞ்சில் கரவுடையார்' என்று மூதுரையில் படித்த காதுக்கு அது வஞ்சகம். அப்புறம், அதைத் தலைப்பில் பார்க்கும் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அகராதி தேவைப்படும்.

சரி, 'பதுங்கு' ஏன்? இந்த வினையிலேயே அடுத்த செயலும் ஒளிந்திருக்கிறது. புலி பதுங்குவது பாய்வதற்கு என்று பழமொழியே சொல்லிவிட்டது. உடம்பைத் தாழ்த்துவது, மூச்சை அடக்கிக் காத்திருப்பது, தருணம் வந்ததும் பாய்வது என்று மூன்றையும் ஒரே சொல் சொல்கிறது. அஃபியா புதருக்குள் செய்ததும் அதேதான்.

இதற்கு வந்த மறுப்புகளிலேயே கனமானது இலங்கையிலிருந்து அக்கா எழுதியது. பதுங்கு என்றதும் தனக்குப் பதுங்குகுழிதான் நினைவுக்கு வருகிறது, அது குண்டுக்குப் பயந்து ஒடுங்கியிருந்த இடம், அதை விளையாட்டின் பெயரில் வைப்பதா என்று கேட்டிருந்தார். அந்தச் சொல்லின் பாரத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அக்கா, அந்தக் கொடுங்காலத்தில் மக்கள் நாவில் வாழ்ந்த சொல் அது. யாரும் விளக்கவேண்டிய தேவை இருக்கவில்லை. 'பதுங்கு' உயிருள்ள வினை என்பதற்கு அதுவே சான்று. இந்த ஆட்டத்திலும் பாதி நேரம் அச்சம்தான். ஓசை எழுந்து, எச்சரிக்கை மணி அடித்து, ஆட்கள் தேடிக்கொண்டு வரும்போது மூலையில் ஒடுங்கிக் கிடப்பதும் ஆட்டத்தின் பகுதி. இதற்குப் பிறகும் அந்தச் சொல் உறுத்தினால் எழுதுங்கள். உங்கள் மறுப்பை எண்ணிக்கையில் தோற்கடிக்க இங்கே யாரும் விரும்பவில்லை.

வடிவம் பற்றி ஒரு எச்சரிக்கை. 'பதுங்காட்டம்' என்று ஒரு நண்பர் சேர்த்து எழுதியிருந்தார். புணர்ச்சிப்படி சரிதான், உகரம் கெட்டு ஆகாரம் ஏறுகிறது. ஆனால் படிப்பவர் கண் 'பதுங்கா' என்ற இடத்தில் ஒரு கணம் நின்றுவிடும். ஓடாக் குதிரை, பாடாக் குயில் மாதிரி, 'பதுங்காத' என்ற எதிர்மறைப் பொருள் வந்துவிடுகிறது. வகைக்கு நேர் எதிரான அர்த்தம்! எனவே மெய்யில் தொடங்கும் சொல்லோடு சேர்ப்போம். பதுங்கு விளையாட்டு, பதுங்குநடை என்பதுபோல. 'உத்தி'யோடு மட்டும் 'பதுங்குத்தி' வேண்டாம், 'பதுங்கல் உத்தி' என்று பிரித்தே எழுதுவோம். 'பதுங்கு விளையாட்டு' வினைத்தொகை என்பதால் முக்காலத்துக்கும் பொருந்தும்.

அந்தப் பச்சைப் பகுதிக்குப் 'பார்வைக் கூம்பு' என்று இருவர் எழுதினார்கள். திரையில் தெரிவது கூம்பு இல்லை, தட்டையான வட்டத்துண்டு. தமிழ்நாட்டுக் கணக்குப் புத்தகத்தில் வட்டக்கோணப்பகுதி, இலங்கைப் புத்தகத்தில் ஆரைச்சிறை. சிறை என்றால் இறகு என்ற பொருளும் உண்டு என்பதால் 'பார்வைச்சிறை' மேல் எனக்கு ஆசைதான். ஆனால் பத்தில் ஒன்பது பேருக்கு அது கம்பி எண்ணும் இடம். 'பார்வைவீச்சு' போதும். எட்டும் தூரம், இடமும் வலமும் துழாவும் அசைவு இரண்டும் அதில் வந்துவிடுகின்றன. 'குனிந்தால் தெரியாத வீச்சு', 'குனிந்தாலும் தெரியும் வீச்சு' என்று பிரித்தும் எழுதலாம்.

நேரத்தை நிறுத்திவைத்து, ஆளுக்கொரு வேலையைக் குறித்துவிட்டு, ஒரே சொடுக்கில் எல்லோரையும் ஏவும் வசதிக்கு 'நிழல்முறை' (ஷேடோ மோட்) என்று எழுதவேண்டாம். அது இந்த நிறுவனம் வைத்த வணிகப்பெயரின் மொழிபெயர்ப்பு. அவர்களே முந்தைய ஆட்டத்தில் அதற்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள். ஆட்டம் வெளிவந்தது 2023 ஆகஸ்ட் 17. அந்த மாதம் முடிவதற்குள் நிறுவனத்தை மூடப்போவதாக அறிவித்துவிட்டார்கள். நாளை வேறொருவர் இதே வசதியைச் செய்தால் வேறு பெயர் வைப்பார். நாம் செயலைப் பார்த்துத் 'திட்டநிலை' என்போம். எதிரிகளில் இணைகாவலர் என்று ஒரு வகை உண்டு. ஒருவனை வீழ்த்தினால் மற்றவன் உயிர்ப்பித்துவிடுவான், இருவரையும் ஒரே நேரத்தில் சாய்த்தாக வேண்டும். திட்டநிலை எதற்கு என்பது அங்கே புரியும்.

கடைசியாக, எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்த ஒரு பரிந்துரை. அடிக்கடி சேமித்து, தோற்றதும் பழைய இடத்துக்குத் திரும்பி ஆடுவதைச் 'சேமிப்பு மோசடி' என்று எழுதியிருக்கிறார்கள். இந்த ஆட்டத்தில் அது மோசடி இல்லவே இல்லை. கடைசியாகச் சேமித்து எவ்வளவு நேரமாயிற்று என்று திரையே நினைவூட்டுகிறது. ரெட் மார்லி என்ற அந்த உயிருள்ள பேய்க்கப்பல் நினைவுகளைப் பிடித்துவைத்துத் திருப்பித் தருவதாகக் கதையிலேயே சேமிப்பைக் கோத்திருக்கிறார்கள். நம் மாலுமிகளில் கெயில் ஒருத்தனைப் பீரங்கிக்குள் திணித்து எங்கோ சுடுவதும், இன்னொருத்தியான தெரேசா எய்த ஒரே அம்பை எடுக்கப் பிணத்தருகே போய் மாட்டிக்கொள்வதும், இதையெல்லாம் பயமில்லாமல் செய்துபார்ப்பதற்குத்தான் அந்த வசதி. கடினமான ஆட்டத்தைக் கற்றுக்கொள்ளும் வழியே அதுதான். குற்றம் சாட்டும் சொல்லை நாமாக ஒட்டவேண்டாம். 'சேமித்தாடல்' என்று இயல்பாக எழுதலாம்.

சேமித்த இடத்துக்குத் திரும்பிப்போவதற்கு மட்டும் எனக்கு நல்ல சொல் கிடைக்கவில்லை. 'ஏற்று' சுமைதூக்குவதுபோல இருக்கிறது, 'மீட்டெடு' நீளம். 'மீள்' என்று ஒற்றைச் சொல்லாகப் பொத்தானில் போட்டால் புரியுமா? பொத்தான்களுக்குத் தமிழ் எழுதிப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

அன்புடன்.