முதல் உலகப் போரின் நீண்டகாலக் காரணங்கள்: விளக்கம் தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்காக முதல் உலகப் போரின் பின்னணி குறித்து ஒரு கட்டுரை எழுதிவருகிறேன்; காரணங்களுள் எதற்கு முதலிடம் தருவது என்பதில் உங்கள் கருத்து வேண்டும்.

கூட்டணிகள், படைப்பெருக்கம், ஏகாதிபத்தியம், தேசியவாதம் ஆகிய நான்கையும் சம எடையுடன் அடுக்கிவிடும் வழக்கமான விளக்கம் எனக்கு நிறைவளிக்கவில்லை. 1871-இல் பிரான்சிடமிருந்து எல்லைப் பகுதிகளான அல்சேசையும் லொரேனின் ஒரு பகுதியையும் ஜெர்மனி எடுத்துக்கொண்ட பின், பிரான்சைத் தனிமைப்படுத்தி வைப்பதே ஜெர்மனியின் சான்சலர் (அரசுத் தலைமை அமைச்சர்) பிஸ்மார்க்கின் முதன்மையான அக்கறையாக இருந்தது. அவர் பதவி விலகிய 1890-இல் ரஷ்யாவுடன் இருந்த இரகசிய உடன்படிக்கை புதுப்பிக்கப்படாமல் போனதும், 1894-இல் ரஷ்யாவும் பிரான்சும் இராணுவக் கூட்டாளிகளானதும்தான் அடிப்படைத் திருப்பம் என்று கருதுகிறேன். இரு முனைகளிலும் போரிட நேரும் என்ற அச்சமே, முதலில் பிரான்சை விரைந்து வீழ்த்த வேண்டும் என்ற ஜெர்மன் படைத்தலைமை அதிகாரி ஷ்லீஃபனின் திட்டத்துக்கு இட்டுச்சென்றது. பலரும் பெரிதுபடுத்தும் பிரிட்டன்-ஜெர்மனி கடற்படைப் போட்டியோ, 1912-க்குப் பின் ஓரளவு தணிந்தேவிட்டது.

என் ஐயம் தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் பகுதி பற்றியது. 1908-இல் ஆஸ்திரியா-ஹங்கேரி பொஸ்னியாவை இணைத்துக்கொண்டபோது, ஜப்பானிடம் தோற்று நலிந்திருந்த ரஷ்யா, முணுமுணுத்தாலும், மறு ஆண்டு பணிந்துபோனது; ஆனால் ஆஸ்திரியா-ஹங்கேரி செர்பியா மீது போர் தொடுத்த 1914-இல் பணியவில்லை. முந்தைய அவமானமா, இடைக்காலத்தில் பெருகிய படைவலிமையா, பிரான்சு அளித்த ஆதரவா, இவற்றுள் எது இந்த மாற்றத்துக்குப் பெரிதும் காரணம்? ரஷ்யத் தரப்பு ஆவணங்களை ஆராய்ந்த நூல்களைப் படித்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன். தமிழில் ஏதேனும் நூல் இருந்தால் அதையும் குறிப்பிட வேண்டுகிறேன்.