பூட்டிய வீட்டுக்குப் பதில் பக்கத்து வீடு?

கேள்வி: தேசியக் குடும்பநல ஆய்வில் ஒரு கிளஸ்டருக்கு (ஆய்வுக்குத் தேர்ந்தெடுத்த ஊர்ப்பகுதிக்கு) 22 வீடு. அதில் நாலு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டை எடுக்கலாமா?

பதில் 1: கூடவே கூடாது. பகலில் ஆளிருக்கும் வீடுகளையே சேர்த்தால் வேலைக்குப் போகிறவர்கள் குறைந்துபோவார்கள். நாளையும் நேரத்தையும் மாற்றி மூன்று முறையாவது போங்கள். பொழுது சாய்ந்தபின் போனால் பெரும்பாலும் கிடைப்பார்கள். அப்படியும் இல்லையென்றால் 'ஆளில்லை' குறியீடு. அதனால் வரும் குறையை, பிறகு எடையிடும்போது, அதாவது கிடைத்த வீடுகளின் பதில்களுக்குக் கணக்கில் கூடுதல் மதிப்புக் கொடுத்து, சரிசெய்வார்கள்.

பதில் 2: வயதையும் கவனியுங்கள். நீண்ட கேள்வித்தாள் 15–49 வயதுப் பெண்களுக்குத்தான். 49ஐ 50 என்று எழுதினால் வேலை மிச்சமாயிற்றே! 50–52 வயதில் ஆள் திரண்டிருந்தால் மேற்பார்வையாளர் மறுபடி விசாரிக்க வேண்டும்.

பதில் 3: விரலில் குத்தி ரத்தத்தில் ஹீமோகுளோபின் பார்க்கும் ஆய்வுகளில் விரலைப் பிதுக்கக் கூடாது. திசுநீர் கலந்து அளவு குறைவாகக் காட்டும். முதல் இரண்டு துளியைத் துடைத்துவிட்டு மூன்றாவதை எடுங்கள்.