1 கன மீட்டர் = 100 கன சென்டிமீட்டர் இல்லையா? எங்கே தப்பு செய்கிறேன்?

கேள்வி:
கண்ணாடித் தொட்டி ஒன்றை அளந்தேன். நீளம் 1.2 மீட்டர், அகலம் 80 செ.மீ., உயரம் 50 செ.மீ. எல்லாவற்றையும் மீட்டருக்கு மாற்றிப் பெருக்கினால் 0.48 கன மீட்டர் வருகிறது. 1 மீட்டருக்கு 100 சென்டிமீட்டர்தானே என்று அதை 100 ஆல் பெருக்கினேன், 48 கன சென்டிமீட்டர். அதாவது 48 மில்லி! ஒரு டம்ளர்கூட நிறையாது. கணக்கு எங்கே சறுக்கியது? எத்தனை லிட்டர் பிடிக்கும் என்பதுதான் எனக்கு வேண்டும்.

பதில் 1:
100 என்பது நீளத்துக்கு மட்டும்தான். 1 மீட்டர் பக்கமுள்ள பெட்டியை 1 செ.மீ. கட்டைகளால் நிரப்புவதாக நினைத்துப் பாருங்கள். ஒரு வரிசைக்கு 100 கட்டை, அடித்தளம் முழுக்க 100 வரிசை, அது மாதிரி 100 அடுக்கு. ஆக 100 × 100 × 100 = 10 லட்சம். நீங்கள் ஒரு திசையை மட்டும் மாற்றிவிட்டு மற்ற இரண்டையும் விட்டுவிட்டீர்கள். 0.48 × 10,00,000 = 4,80,000 கன செ.மீ., அதை 1000 ஆல் வகுத்தால் 480 லிட்டர்.

பதில் 2:
இவ்வளவு சுழியத்தோடு மல்லுக்கட்டவே வேண்டாம். டெசிமீட்டர் என்று ஒன்று பள்ளியில் படித்துவிட்டு எல்லோரும் மறந்துபோகிறோம், அதாவது 10 செ.மீ., அது இந்த ஒரு வேலைக்கென்றே பிறந்தது போலிருக்கும், ஏனென்றால் 1 கன டெசிமீட்டர்தான் 1 லிட்டர். உங்கள் தொட்டி 12 × 8 × 5. பெருக்கினால் 480. முடிந்தது.

கேட்டவர்:
அட, இது நன்றாக இருக்கிறதே! ஆனால் இன்னொரு குழப்பம். 75 சென்டிலிட்டர் என்றால் 750 மில்லி, அங்கே வெறும் பத்துப் பத்தாகத்தான் மாறுகிறது. அங்கேயும் சென்டி, இங்கேயும் சென்டி. அங்கே ஏன் மூன்று முறை பெருக்குவதில்லை?

பதில் 1:
நல்ல கேள்வி, பலர் தடுக்கி விழுவது இங்கேதான். சென்டிலிட்டரில் 'சென்டி' ஒட்டியிருப்பது லிட்டரோடு. லிட்டர் ஏற்கெனவே கன அளவு, அதனால் நூறில் ஒரு பங்கு என்றால் அவ்வளவுதான், 10 மில்லி. கன சென்டிமீட்டரில் அது மீட்டரோடு ஒட்டியிருக்கிறது, முதலில் மீட்டரை நூறாக வெட்டி அப்புறம்தான் கனமாக்குகிறோம், அதனால் அந்த நூறும் மூன்று முறை பெருக்கப்படுகிறது. லிட்டர் குடும்பத்துக்குள் இருக்கும்வரை டெசிலிட்டர் 100 மில்லி, ஹெக்டோலிட்டர் 100 லிட்டர், கிலோலிட்டர் 1000 லிட்டர் என்று நேராகப் போகலாம். கிலோலிட்டரும் கன மீட்டரும் ஒன்றே. மருந்து ஊசியிலும் எஞ்சினிலும் சொல்கிற சிசி என்பது கன சென்டிமீட்டர், அதாவது மில்லி.

பதில் 3:
மில்லியும் சிசியும் ஒன்று என்பது இன்றைக்குச் சரி. 1901 முதல் 1964 வரை லிட்டரை 1 கிலோ தண்ணீரின் கன அளவு என்று வரையறுத்திருந்தார்கள், அது கன டெசிமீட்டரைவிட ஒரு துளி அதிகம், 1.000028. 480 லிட்டருக்கே வித்தியாசம் சுமார் 13 மில்லிதான், சும்மா தெரிந்துகொள்ளச் சொன்னேன்.

நிஜமாகக் கவலைப்பட வேண்டியது வேறு. நீங்கள் அளந்தது கண்ணாடியின் உள்பக்கமா, வெளிப்பக்கமா? கண்ணாடி 1 செ.மீ. தடிமன் என்று வைத்தால் உள்ளே 118 × 78 × 49, கிட்டத்தட்ட 451 லிட்டர். அப்படியே 29 லிட்டர் காணாமல் போகும்.

கேட்டவர்:
வெளிப்பக்கம்தான். சரி, மறுபடியும் டேப்பை எடுக்கிறேன், இந்தத் தடவை டெசிமீட்டரில்.