சைக்கிள் பாதைகளை அகற்றும் சட்டத்தை எதிர்த்து நின்ற நாட்கள்: ரொறன்ரோவிலிருந்து சில அனுபவங்கள்

மருத்துவமனைத் தாதி, யூனிவர்சிட்டி அவென்யூ

2024 அக்டோபர் 21 அன்று கனடாவின் ஒன்ராறியோ மாகாண அரசு 212ஆம் இலக்கச் சட்டமூலத்தைச் சட்டமன்றத்தில் முன்வைத்தது. வாகனத் தடம் ஒன்றைக் குறைத்துச் சைக்கிள் பாதை அமைக்க விரும்பும் எந்த நகரசபையும் இனி மாகாணத்தின் அனுமதியைப் பெற வேண்டும் என்பதே முதலில் சொல்லப்பட்டது. சில வாரங்களுக்குள், புளோர் வீதி, யங் வீதி, யூனிவர்சிட்டி அவென்யூ ஆகியவற்றில் ஏற்கெனவே இருக்கும் பாதைகளையே அகற்றுவதற்கான ஏற்பாடும் அதில் சேர்ந்துவிட்டது. நான் வேலைக்குச் செல்லும் வழியில் இவற்றுள் இரண்டு இருக்கின்றன.

நகரின் பெரிய மருத்துவமனைகள் பல வரிசையாக நிற்கும் யூனிவர்சிட்டி அவென்யூவுக்குக் கீழே சுரங்க ரயில் ஓடுகிறது. அப்படியிருக்கச் சைக்கிள் எதற்கு என்று உறவினர்கள்கூட என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ரயில் காலை எட்டு மணியளவில்தான் ஓடத் தொடங்கும், ஆனால் எங்கள் காலை முறை வேலை ஏழு மணிக்கே தொடங்கிவிடும். இரவுப் பேருந்துக்குக் காத்திருக்க இயலாத தாதியரும், அறைகளைச் சுத்தம் செய்பவர்களும், சமையலறைப் பணியாளர்களும் அந்த இருளில் சைக்கிளில் வருகிறார்கள். கார் வாங்கும் வசதியோ, நகர மையத்தில் நாள்முழுதும் அதை நிறுத்திவைக்கக் கட்டணம் செலுத்தும் வசதியோ அவர்களில் பெரும்பாலானோருக்கு இல்லை.

சட்டமூலத்துக்கு எதிராக மாகாணச் சட்டமன்றம் இருக்கும் குயின்ஸ் பார்க் முன்றலில் மக்கள் திரண்டபோது, எங்கள் தளத்தைச் சுத்தம் செய்யும் அக்காவும் என்னுடன் வந்திருந்தார். அவர் எந்தப் போராட்டத்துக்கும் போகிறவர் அல்லர். ஊரில் நடந்தவற்றைப் பார்த்தபின் கூட்டம் என்றாலே ஒதுங்கிவிடுவார். அன்று அங்கிருந்த ஒரு செய்தியாளர் அவரிடம், "இந்தப் பாதைகளால் நெரிசல் கூடுகிறது என்று அரசு சொல்கிறதே, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டார். நான் மொழிபெயர்க்க முனைவதற்கு முன்பே அவர் தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பதில் சொன்னார்: பாதையை எடுத்துவிட்டாலும் தாம் அதே வீதியில்தான் வருவார் என்றும், அப்போது கார்களுக்கு நடுவே வருவார் என்றும். அரசின் வாதத்துக்கு நான் கேட்ட மறுமொழிகளில் அதுவே மிகச் சரியானது என்று இன்றும் கருதுகிறேன்.

மாகாண அரசின் இணையத்தளமான சுற்றுச்சூழல் பதிவேட்டில் இந்தச் சட்டமூலம் பற்றிக் கருத்துத் தெரிவிக்கப் பொதுமக்களுக்கு நவம்பர் 20 வரை அவகாசம் கொடுத்திருந்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை நிலவரத்தை விரிவாக எழுதி அனுப்பினேன். நவம்பர் 25 அன்று சட்டம் நிறைவேறியது. அந்த ஐந்து நாட்களுக்குள் அத்தனை மனிதர்களின் கருத்துகளையும் யார் படித்திருக்க முடியும் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது, அந்தக் கோபம் நியாயமானது என்றே நம்புகிறேன். அதற்கும் மேலாக, பாதைகளை அகற்றியதால் எவரேனும் காயமடைந்தாலோ இறந்தாலோ மாகாண அரசின்மீது இழப்பீட்டு வழக்குத் தொடர இயலாதபடி ஒரு பிரிவையும் இறுதிக் கட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள். ஆபத்து வரும் என்பதை அறியாத ஒருவர் அப்படியொரு பிரிவை எழுத மாட்டார்.

வேன் ஓட்டுபவர், ஸ்காபரோ

தங்கச்சி எழுதியதைப் படித்தேன். நான் சைக்கிள் ஓட்டுவதில்லை. வெப்பமூட்டிகளைப் பழுதுபார்க்கும் தொழில் செய்வதால், கருவிகள் நிறைந்த வேனில் நகர மையத்துக்கும் எட்டோபிக்கோவுக்கும் அடிக்கடி போகிறேன். நெரிசலால் நாளாந்தம் வருமானத்தை இழப்பவர்களில் நானும் ஒருவன் என்பதால், இந்தச் சட்டம் என்னைப் போன்றவர்களுக்காகவே இயற்றப்பட்டது என்று சொல்லப்பட்டபோது அதைக் கவனமாகப் பார்த்தேன்.

என்னை உண்மையில் மறித்து நிறுத்தியவை வேறு. 2024 வசந்தத்திலிருந்து கார்டினர் விரைவுச்சாலையில் டஃபரின், ஸ்ட்ராக்கன் வீதிகளுக்கு இடையே தடங்கள் குறைக்கப்பட்டிருந்தன. புதிய ரயில் நிலையம் கட்டுவதற்காகக் குயின் வீதியின் மையப்பகுதி 2023இலிருந்து மூடப்பட்டிருக்கிறது. எக்லின்டன் வீதியின் கட்டுமானம் பத்தாண்டுகளுக்கும் மேலாக இழுபட்டதை இங்கே எவருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. இவற்றில் எதையும் புளோர் வீதியின் பாதையை அகற்றிச் சரிசெய்ய முடியாது. அந்த மூன்று வீதிகளிலும் பாதைகளை அமைக்க ஏறத்தாழ 27 மில்லியன் டாலர் செலவானதாகவும், அகற்றுவதற்கு 48 மில்லியன் டாலர் தேவைப்படும் என்றும் நகர நிர்வாகத்தின் அறிக்கை மதிப்பிட்டது. இந்தத் தொகையை மாகாண அரசு ஏற்கவில்லை. ஆனால், பாதியே உண்மை என்று வைத்துக்கொண்டாலும், அது என் வரிப்பணம்.

எங்கள் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்து எதிர்ப்பைப் பதிவு செய்தேன். மறுமுனையில் இருந்த இளைஞர் முதலில் கேட்ட கேள்வி, "நீங்கள் சைக்கிள் ஓட்டுபவரா?" என்பதுதான். இல்லை, வேன் ஓட்டுகிறேன் என்றதும் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு மரியாதையாகவே குறித்துக்கொண்டார். ஆனால், எதிர்ப்பவர்கள் எல்லோரும் ஒரு சிறு கூட்டத்தினர் என்ற எண்ணம் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது என்பது அந்த மௌனத்தில் தெரிந்தது.

ஸ்காபரோத் தமிழர்கள் பலருக்கு நினைவிருக்காது என்பதால் ஒன்றைச் சேர்க்கிறேன். 2011இல், இப்போதைய மாகாண முதல்வர் டக் ஃபோர்டின் சகோதரர் ரொப் ஃபோர்ட் நகர முதல்வராக இருந்த காலத்தில், ஸ்காபரோவின் பார்மசி அவென்யூவிலும் பேர்ச்மவுண்ட் வீதியிலும் இருந்த சைக்கிள் பாதைகளை அகற்ற நகரசபை வாக்களித்தது, அவை அழிக்கப்பட்டன. நகர மையத்தின் ஜார்விஸ் வீதிப் பாதையும் அதே முடிவில் அடங்கியிருந்தது, 2012இல் அதை அழிக்க வந்த வண்டிகளை மக்கள் மறித்தார்கள். எங்கள் பகுதியில் அப்படி எவரும் மறிக்கவில்லை. பேர்ச்மவுண்ட் வழியாக வேன் ஓட்டும் நான், அன்றைக்குப் பிறகு அங்கே நெரிசல் தீர்ந்ததைக் கண்டதில்லை. சைக்கிளில் வரும் பிள்ளைகள் நடைபாதையில் ஏறி ஓட்டுவதைத்தான் காண்கிறேன்.

உணவு விநியோகம் செய்யும் மாணவர், புளோர் வீதி

நான் திருச்சியிலிருந்து படிக்க வந்தவன். மாலை நேரங்களில் சைக்கிளில் உணவு கொண்டுசெல்கிறேன். 2024 ஜூலையில், புளோர் வீதியில், அவென்யூ வீதிச் சந்திப்புக்கு அருகே சைக்கிள் பாதையை மறித்து ஒரு கட்டுமானக் கழிவுத் தொட்டி வைக்கப்பட்டிருந்தது. அதைச் சுற்றிப் போக வாகனத் தடத்துக்குள் விலகிய 24 வயதுப் பெண் லாரி மோதி இறந்தார். அந்த ஆண்டில் இந்நகரில் சைக்கிளில் சென்று உயிரிழந்தவர்கள் ஆறு பேர்.

இறந்தவர்களின் நினைவாக, மேட் கோஹன் பூங்காவில் கூடி, விபத்து நடந்த இடம்வரை சைக்கிளில் ஊர்வலமாகச் சென்று, அங்கே வெள்ளை வண்ணம் பூசிய சைக்கிள் ஒன்றை வைப்பது இங்குள்ள வழக்கம். நான் கலந்துகொண்ட ஊர்வலத்தில் பின்னால் மெதுவாக வந்த ஒரு கார்க்காரர் இடைவிடாமல் ஒலியெழுப்பினார். ஒரு முதியவர் வண்டியை நிறுத்தி, அவருடைய சன்னல் அருகே சென்று, இது எதற்கான ஊர்வலம் என்று தாழ்ந்த குரலில் எடுத்துச் சொன்னார். அதன்பின் அவர் ஒலியெழுப்பவில்லை; கடைசிவரை எங்கள் பின்னாலேயே வந்தார்.

ஒரு தொட்டியின் அளவுக்குப் பாதை மறைந்த இடத்தில் என்ன நடந்தது என்பதை அறிந்தவர்கள், முழுப் பாதையையும் எடுக்கும் சட்டத்தை எதிர்க்காமல் எப்படி இருப்பது?

மருத்துவமனைத் தாதி, மீண்டும்

தம்பி கேட்டதையே நீதிமன்றத்திலும் கேட்டார்கள். சைக்கிள் ஓட்டுபவர்களுக்காகக் குரல்கொடுக்கும் சைக்கிள் ரொறன்ரோ அமைப்பும், நாளாந்தம் அந்த வீதிகளைப் பயன்படுத்தும் இருவரும் சேர்ந்து தொடுத்த வழக்கில், 2025 ஏப்ரல் 22 அன்று நீதிபதி போல் ஷாபாஸ் பாதைகளை அகற்றுவதற்கு இடைக்காலத் தடை விதித்தார். ஜூலை 30 அன்று வந்த தீர்ப்பில், அகற்றுவது கனேடிய உரிமைகள் சாசனத்தின் ஏழாம் பிரிவு உறுதிசெய்யும் உயிருக்கும் உடற்பாதுகாப்புக்குமான உரிமையை மீறுவதாகச் சொன்னார். பாதைகளை அகற்றினால் நெரிசல் குறையும் என்ற அரசின் கூற்றுக்குச் சான்றுகள் துணைநிற்கவில்லை என்றும் முடிவு செய்தார். நெரிசலைக் குறைப்பதற்காக ஓர் உயிரைப் பணயம் வைக்கலாமா என்று வாதிடுவதற்கே இடமில்லாமல், நெரிசலே குறையாது என்பது அதில் தெளிவாகிவிட்டது. மறுநாள் அந்த அக்காவிடம் செய்தியைச் சொன்னபோது, "அப்ப நான் சொன்னது சரிதானே, தங்கச்சி?" என்று கேட்டார்.

அரசு மேல்முறையீடு செய்யப்போவதாக உடனேயே அறிவித்தது. ஆகவே, ஞாயிறு அதிகாலையிலோ இரவு முறை முடிந்தோ இந்த மூன்று வீதிகளில் சைக்கிளில் செல்லும் உறவுகள், தாங்கள் எத்தனை மணிக்கு, எந்தச் சந்தியில், எதற்காகச் செல்கிறீர்கள் என்பதை இங்கே எழுதுங்கள். அவற்றைத் தொகுத்து நகரசபை உறுப்பினர்களுக்கும் மாகாணப் பிரதிநிதிகளுக்கும் ஆங்கிலத்தில் அனுப்பும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன்.