4 மில்லிமீட்டர் எலும்பில் இம்ப்ளாண்ட் பொருத்தலாமா?

கேள்வி (ஆரியங்காவு):
அம்மாவுக்கு வயது 61, சர்க்கரையும் உண்டு. கீழ்த்தாடைக் கடைவாய்ப் பல்லை எடுத்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. புனலூரில் பார்த்த பல் மருத்துவர், ஸ்கேனில் எலும்பின் அகலம் 4 மில்லிமீட்டர்தான் இருக்கிறது, எலும்பு வளர்க்கும் அறுவை செய்து ஆறு மாதம் காத்திருந்த பிறகே இம்ப்ளாண்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்வேர்) பொருத்த முடியும் என்றார். தென்காசியில் இன்னொருவரோ எக்ஸ்ரேயை மட்டும் பார்த்துவிட்டு, நேரடியாகவே பொருத்தலாம் என்கிறார். எதை நம்புவது?

பதில் (செங்கோட்டை, பல் மருத்துவர்):
பல் போனபின் அதைத் தாங்கிய எலும்பு கரையத் தொடங்குகிறது. முதல் ஓராண்டிலேயே அகலத்தில் ஏறத்தாழப் பாதி போய்விடலாம். கடைவாய் இம்ப்ளாண்ட் பொதுவாக 4 முதல் 5 மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. அதன் இருபுறமும் குறைந்தது 1 மில்லிமீட்டராவது எலும்பு மிஞ்ச வேண்டும் என்பதால், உங்கள் அம்மாவுக்கு இருக்கும் அகலம் போதாது. சாதாரண எக்ஸ்ரேயில் உயரம் தெரியும், அகலம் தெரியாது. அதற்குத்தான் தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேன். கீழ்த்தாடைக்குள் ஓடும் நரம்பிலிருந்து 2 மில்லிமீட்டராவது விலகி நிற்கிறோமா என்பதையும் அதில்தான் அளக்கிறோம், ஏனெனில் அந்த நரம்பு அடிபட்டால் கீழுதடு மரத்துப்போகும். குறைவு சிறிதாக இருந்தால் எலும்புத் துகளையும் இம்ப்ளாண்டையும் ஒரே நாளில் வைப்பதுண்டு. ஆனால் ஸ்கேன் பார்க்காமல் அப்படிச் சொல்வது சரியல்ல.

அறுவையில் ஈறைத் திறந்து, துகளை நிரப்பி, மேலே கொலாஜன் சவ்வைப் போர்த்தித் தைப்போம். எலும்பு மெதுவாகவும் ஈறு வேகமாகவும் வளர்வதால், சவ்வு இல்லாவிட்டால் ஈறு முந்திக்கொண்டு அந்த இடத்தை அடைத்துவிடும். சர்க்கரை கட்டுக்குள் வராமல் இதில் இறங்காதீர்கள். எலும்புத் தேய்மானத்துக்கு அம்மா மாத்திரையோ ஊசியோ எடுத்திருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். சில மருந்துகளால் தாடைப் புண் ஆறாமல் போவதுண்டு.

பதில் (குமுளி):
சென்ற ஆண்டு எனக்கு இதே அறுவை நடந்தது. துகளை என் ரத்தத்திலேயே நனைத்தபோது ஈரக் கல்லுப்பைப் போல இருந்தது. மூன்றாம் நாள் கன்னம் எலுமிச்சம்பழம் அளவு வீங்கியது; ஒரு வாரம் ஆறிய கஞ்சிதான். நாவில் மணல்போல் ஒன்றிரண்டு துகள்கள் தட்டுப்பட்டதும் பதறிவிட்டேன், சிறிதளவு உதிர்வது இயல்புதான் என்று மருத்துவர் தேற்றினார். எனக்கு வருத்தமெல்லாம் வேறொன்றில்தான். எங்கள் வீடு சைவம். மலையாளத்தில் இருந்த ஒப்புதல் படிவத்தைப் படிக்காமல் கையெழுத்திட்டதால், துகள் மாட்டெலும்பிலிருந்து எடுத்தது என்பது பிறகே தெரிந்தது. செயற்கைத் துகளும் இருக்கிறது, முன்பே கேளுங்கள்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அம்மாவின் மூன்று மாதச் சர்க்கரை சராசரி 8.6 என்று இன்று வந்திருக்கிறது. அதைக் குறைத்த பிறகு புனலூருக்கே செல்கிறோம். படிவத்தை மலையாளம் தெரிந்த பக்கத்து வீட்டு அக்காவை வைத்து வாசித்துக்கொள்வோம்.