கல்லூரியில் சேர்க்கும் முன் ஐசிசி (பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் கல்லூரியின் உள் புகார்க் குழு) பற்றி எப்படி விசாரிப்பது?

கோபிக்காரர்:
அக்கா மகளுக்குக் கவுன்சிலிங்கில் கோயம்புத்தூர் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி கிடைக்கும் போலிருக்குதுங்க. பஸ், பிளேஸ்மெண்ட் எல்லாம் விசாரித்துவிட்டோம். பாலியல் தொல்லை ஏதாவது நடந்தால் கல்லூரி பிள்ளை பக்கம் நிற்குமா, பேர் கெட்டுவிடும் என்று மூடி மறைக்குமா என்பதுதான் அக்காவின் கவலை. ஆபீசில் கேட்டதற்கு, இதுவரை ஒரு புகார்கூட வந்ததில்லை, ஆறு மணிக்கு மேல் ஹாஸ்டல் கேட்டைத் திறக்கவே மாட்டோம் என்று பெருமையாகச் சொன்னார்கள். நம்பலாமுங்களா?

நொய்யல்கரை:
ஒரு புகார்கூட இல்லை என்பதுதான் எனக்கு முதலில் உறுத்துகிறது. அவ்வளவு பிள்ளைகள் படிக்கும் இடத்தில் பூஜ்யம் என்றால், சொல்லிப் பயனில்லை என்று விட்டுவிட்டார்கள் என்றும் இருக்கலாமே. கேட்டைப் பூட்டினால் வெளியாள் வரமாட்டான், சரி, இன்டர்னல் மார்க் போடுகிற ஆசிரியர் உள்ளேதானே இருக்கிறார்? பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2015 விதிமுறைப்படி ஐசிசிக்கு மூத்த பெண் ஆசிரியர் தலைவர், வெளியிலிருந்து ஒருவர் வேண்டும், மாணவர் சம்பந்தப்பட்ட புகார் என்றால் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர்கள் மூன்று பேரும் உண்டு. டீன், துறைத்தலைவர் உறுப்பினராக இருக்கக் கூடாது. பட்டியலை வாங்கிப் பாருங்க. வெளி உறுப்பினர் தாளாளருக்குச் சொந்தமா என்பதெல்லாம் நம்ம ஊரில் ஒரு போனில் தெரிந்துவிடும்.

வக்கீல் அக்கா, ஈரோடு:
பட்டியல் சுவரில் அழகாகத் தொங்கும், நடைமுறையைக் கேளுங்க. சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும், தக்க காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் நீட்டலாம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். இது பிள்ளைகளுக்கே தெரியாத கல்லூரியில் "பரீட்சை முடியட்டும் கண்ணு" என்று தள்ளியே கெடுவைக் கடத்திவிடலாம். விசாரணை நடக்கும்போது புகாருக்கு உள்ளான ஆசிரியர் புகார் தந்த பிள்ளையின் பேப்பரைத் திருத்தாமல் தடுக்க முடியும், அப்படிச் செய்வீர்களா என்று நேராகவே கேளுங்க. பெரிய மனிதர்களை வைத்துப் பேசி முடிப்பதும் நம்ம பக்கம் சகஜம். சமரசத்தைப் புகார் தந்தவர்தான் கேட்க வேண்டும், பணம் அதற்கு அடிப்படையாக இருக்கக் கூடாது என்று பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013 சட்டமே சொல்கிறது. ஐசிசிக்குப் போனதால் போலீசுக்குப் போகக் கூடாது என்றும் இல்லை. முதலாமாண்டுப் பிள்ளைக்கு 18 முடியாவிட்டால் போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) வரும், விஷயம் தெரிந்தவர் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும், உள்ளுக்குள் பேசி முடிக்க இடமே இல்லை.

அப்புறம் ரகசியம். 2019இல் பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கில் போலீஸ் அதிகாரியே பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரைப் பத்திரிகையாளர்களிடம் சொன்னார். 2025 மே மாதம் குற்றவாளிகள் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை வந்தது, ஆனால் அன்று பெயர் வெளியானதைப் பார்த்து எத்தனை பேர் வாயை மூடிக்கொண்டார்களோ. புகார் கடிதம் யார் யார் கைக்குப் போகும் என்று கேட்டுப் பாருங்க.

ஹாஸ்டல் சீனியர்:
அண்ணா, ஆபீசில் கேட்காதீங்க. மெஸ் பக்கம் நாலு மூன்றாமாண்டுப் பிள்ளைகளிடம் "ஐசிசியில் யார் இருக்காங்க" என்று கேளுங்க. எங்கள் கல்லூரியில் கேட்டால் பாதிப் பேர் கிரிக்கெட் என்பார்கள்.

கோபிக்காரர்:
பாப்பாவுக்கு நவம்பரில்தான் 18 ஆகுதுங்க, போக்சோ வரும் என்று யோசிக்கவே இல்லை. அக்காவையே மெஸ் பக்கம் அனுப்புகிறேன், நான் போய் நின்றால் பிள்ளைகள் பேசாது. வெளி உறுப்பினர் யார் என்று சொல்ல மறுத்தால் எழுத்தில் கேட்கலாமுங்களா வக்கீலக்கா?

வக்கீல் அக்கா, ஈரோடு:
தாராளமா கேளுங்க. உறுப்பினர் பெயர்களை எல்லாருக்கும் தெரியும்படி வைப்பது அவர்கள் கடமை. மறுத்தால் அடுத்த கல்லூரியைப் பாருங்க.